விக்டோரியா அரங்கில் உங்களுக்கு என்ன நேர்ந்தது?

தெம்பனிஸ் வாசி:
சிங்கப்பூரில் பாடாங் திடல் பக்கம் போகிறவர்கள் விக்டோரியா அரங்கின் மணிக்கூண்டைப் பார்க்காமல் திரும்ப முடியாது. ஆனால் உள்ளே போய்வந்தவர்கள் பேசுவதைக் கேட்டால், எல்லாரும் ஒரே கட்டடத்தைத்தான் சொல்கிறார்களா என்று சந்தேகம் வருகிறது. ஒரு பாதி 1862இல் கட்டி முடித்த நகர மண்டபம். கீழே நாடகம், மேலே அலுவலகம் என்று இருந்தது. பிறகு முழு நாடக அரங்கானது. மறுபாதி, விக்டோரியா மகாராணி இறந்தபின் அவர் நினைவாக 1905இல் திறந்த மண்டபம். உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்.

உட்லண்ட்ஸ் ஆசிரியை:
மாணவர்களை அழைத்துப் போனால் முதலில், நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸின் சிலையிடம்தான் ஓடுகிறார்கள். அது 1919இல்தான் பாடாங்கிலிருந்து அங்கே வந்தது. அதற்குமுன் அவ்விடத்தில் நின்றது சயாம் மன்னர் அளித்த யானைச் சிலை என்றால் நம்புவதில்லை. சென்ற முறை ஒரு பையன், "டீச்சர், இது பாட்டுக் கச்சேரிக்குக் கட்டியதுதானே?" என்றான். இல்லையப்பா என்று அவனை அங்கேயே உட்காரவைத்துச் சொன்னேன். 1942இல் குண்டுவீச்சில் காயம்பட்டவர்களை இங்கேதான் கிடத்தினார்கள். போருக்குப் பின், 1947இல், போர்க்காலத்தில் ஜப்பானியர் இங்கிருந்த சீனர்களைக் கொன்று குவித்த சூக் சிங் படுகொலைக்காக ஜப்பானிய அதிகாரிகள் ஏழு பேரை விசாரித்ததும் இந்த மண்டபத்தில்தான். இருவருக்குத் தூக்கு. பையன் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான். வழிகாட்டிகள் பலர் இதை ஒரு வரியில் முடித்துவிட்டு ஒலியமைப்புக்குத் தாவிவிடுகிறார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஈசூன் நாடகக்காரர்:
டீச்சர், ஒலியமைப்பையும் அப்படித் தள்ளிவிடாதீர்கள்! பழைய அரங்கில் தமிழ் நாடகங்களுக்கு ஒப்பனை போட்டவன் நான். 2010இல் மூடி 2014இல் திறந்தபோது தொள்ளாயிரம் சொச்சம் இருக்கைகள் 614 ஆகிவிட்டன. நண்பர்கள் புலம்பினார்கள். எனக்கு அதில் நிம்மதிதான். பாதி காலியான அரங்கின்முன் அழுது நடிப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. பழைய இருக்கைகளின் வார்ப்பிரும்புச் சட்டங்களைத் தூக்கிப்போடாமல் சுவரில் பதித்திருக்கிறார்கள். தடவிப் பார்த்தேன், வளைவான பூவேலை, விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. எத்தனை பேருடைய கைபட்ட தேய்மானமோ!

தோ பாயோ பேரன்:
1954 நவம்பர் 21 அன்று மக்கள் செயல் கட்சி தொடங்கியது நினைவு மண்டபத்தில்தான். மலாயாத் தலைவர் துங்கு அப்துல் ரஹ்மானும் விருந்தினராக வந்திருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்த என் தாத்தா போயிருந்தாராம். கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான லீ குவான் இயூ என்ன பேசினார் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கூட்டம், புழுக்கம், முன்னால் நின்றவரின் அகலமான முதுகு, இவ்வளவுதான் பதில்.

தெம்பனிஸ் வாசி:
தாத்தா உண்மையைச் சொல்லியிருக்கிறார். டீச்சர், அடுத்த முறை போகும்போது என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.