மீட்டிங் நடுவில் நெட் அறுபடுது, அதைச் சாக்கு வச்சு ஒரு சீனியர் என் வேலையை எடுத்துக்கிறார்: எதை முதல்ல சரி பண்ண?

பின்கட்டு_மேசை:
வீடு திருநெல்வேலி டவுன், ரதவீதிக்குப் பின்னால. பழைய சுண்ணாம்புச் சுவர், ஒன்றரை அடி கனம். ஃபைபர் மோடம் முன்கட்டுல, என் டெஸ்க்டாப் பின்கட்டுல. பிளான் 100 எம்பிபிஎஸ். பின்கட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வர்றதே இல்ல, 2.4ல 8, 10 கிடைக்கும். கரண்ட் போனா இன்வெர்ட்டர் எடுக்குது, ஆனா அந்த மாறுற நேரத்துல டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகுது. மோடமும் அணைஞ்சு திரும்ப வர ரெண்டு மூணு நிமிஷம்.

அந்த ரெண்டு நிமிஷத்துலதான் பிரச்சினை. சென்னை ஆபீஸ்ல இருக்கிற சீனியர், "அந்தப் பொண்ணுக்கு ஊர்ல நெட் நிக்காது, நானே சொல்லிடறேன்"னு என் பகுதியைக் கிளையண்ட்கிட்ட தன் வேலை மாதிரி சொல்லிடுறார். பிறகு போற மெயில்லயும் என் பேர் இருக்காது. இப்போ மேனேஜர் சென்னைக்கே வந்துடச் சொல்றார். வீட்டுல என்ன மாத்தணும், அவரை எப்படிச் சமாளிக்கணும்?

பாளை_ஒயரிங்:
தங்கச்சி, டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகுதது வேற கோளாறு, வைஃபை வராதது வேற கோளாறு. இன்வெர்ட்டர் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் யூபிஎஸ், மறுபக்கம் நார்மல், வைடு, எகோன்னு கம்பெனிக்கு ஒரு பேரு போட்டிருப்பாங்க. உங்களுக்கு அது நார்மல்ல கிடக்கும். அதுல மாறுததுக்கு எடுக்கிற நேரம் ஃபேன், லைட்டுக்குப் போதும், கம்ப்யூட்டருக்குப் போதாது. யூபிஎஸ் பக்கம் தள்ளுங்க. ஆனா அதுல வோல்டேஜ் 180க்குக் கீழ இறங்கினாலே பேட்டரிக்குத் தாவிரும். சாயங்காலம் லோ வோல்டேஜ் வர்ற தெருன்னா கரண்ட் இருக்கும்போதே பேட்டரி தீரும். அப்படி இருந்தா நார்மல்லயே விட்டுட்டு, டெஸ்க்டாப்புக்கு மட்டும் 600 விஏ யூபிஎஸ் ஒண்ணு வாங்குங்க. வாங்குமுன்ன உங்க இன்வெர்ட்டர் சைன்வேவா (ஈபி கரண்ட் மாதிரி சீரான அலை), ஸ்கொயர்வேவான்னு பாருங்க. ஸ்கொயர்வேவ்ல சின்ன யூபிஎஸ் டிக் டிக்னு அடிச்சுக்கிட்டே அதோட பேட்டரியைத் தின்னுரும்.

மோடத்துக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் போதும். மோடத்தைத் திருப்பி அடியில இருக்கிற ஸ்டிக்கரைப் படிங்க: 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, 1 ஆம்பியரா 1.5ஆ. பின் அளவும் முக்கியம். வெளிவிட்டம் 5.5 மி.மீ., உள்ளே 2.1, 2.5னு ரெண்டு இருக்கு. 2.1க்கான மோடத்துல 2.5 பிளக்கைச் சொருகினா லூசா நிக்கும், தொட்டாலே அணையும். அட்டைப்பெட்டியில 8000 எம்ஏஎச்னு போட்டிருந்தா அது 3.7 வோல்ட் கணக்கு, சுமார் 30 வாட்‑அவர். நஷ்டம் போக 25 கிடைக்கும். 10 வாட் எடுக்கிற மோடம் ரெண்டரை மணி நேரம் நிக்கும். மாதாந்திரப் பராமரிப்புன்னு காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் கரண்ட் நிறுத்துத அன்னைக்கு இது போதாது. அதனால மினி யூபிஎஸ்ஸோட அடாப்டரை இன்வெர்ட்டர் லைன் பிளக்குலயே சொருகுங்க. மாறுத நொடியை மினி பாத்துக்கிடும், மத்ததை இன்வெர்ட்டர் பாத்துக்கிடும்.

புதுசா இன்வெர்ட்டர் பாயிண்ட் இழுத்தா நியூட்ரலையும் இன்வெர்ட்டர்ல இருந்தே தனியா இழுக்கச் சொல்லுங்க. பக்கத்து பாயிண்ட் நியூட்ரலோட முறுக்கிவிட்டா ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா லைனைத் துண்டிக்கிற சுவிட்ச், விழுந்துக்கிட்டே இருக்கும்.

தச்சை_நெட்வொர்க்:
அண்ணாச்சி சொன்னதோட, ஒன்றரை அடிச் சுவருக்கு ரிப்பீட்டர் (வைஃபையை வாங்கித் திரும்ப அனுப்புற பெட்டி) வாங்காதீங்க. பின்கட்டுக்கு வந்து சேர்ற அந்த மெலிஞ்ச சிக்னலைத்தான் அதுவும் திரும்ப அனுப்பும். கேபிள் ஒன்றுதான் வழி. கேட்6 நெட் கேபிள், முழுச் செம்பு. சிசிஏன்னு அச்சடிச்சிருந்தா அலுமினியத்துக்குச் செம்புப்பூச்சு, வேண்டாம். முற்றத்து வழியா வெயில் படப் போனா கறுப்பு உறையுள்ள அவுட்டோர் கேபிள் எடுங்க, மத்ததோட உறை வெயில்ல வெடிப்பு விடும். கரண்ட் பைப்புக்குள்ள சேர்த்து விடக்கூடாது. சுண்ணாம்புச் சுவரை ஹேமர்ல போட்டா பூச்சு பாளம் பாளமாப் பெயரும். ஹேமரை அணைச்சுட்டு நீள பிட்ல மெதுவா விடச் சொல்லுங்க. துளை வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து இருந்தா மழைத்தண்ணி உள்ளே வராது.

பின்கட்டுல பழைய ரவுட்டர் இருந்தா அதையே ஆக்சஸ் பாயிண்ட் ஆக்கலாம், அதாவது கேபிள்ல வர்ற நெட்டை அங்கே வைஃபையா கொடுக்கும். அதன் முகவரியை 192.168.1.2ன்னு மாத்தி, டிஎச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கிற வேலை) அணைச்சு, கேபிளை வெளி லைனுக்கான வேன் போர்ட்ல இல்லாம, வீட்டுக் கருவிகளுக்கான லேன் போர்ட்ல சொருகணும். டிஎச்சிபியை அணைக்க மறந்தா ரெண்டு பெட்டியும் முகவரி கொடுத்து, நெட் வந்து வந்து போகும். டெஸ்க்டாப்பை வைஃபையில விடாம இன்னொரு லேன் போர்ட்ல கேபிளாவே போடுங்க.

கேபிள் போட்ட பிறகும் கால் அறுந்தா டெஸ்க்டாப்ல ரெண்டு கமாண்ட் ஜன்னல்ல பிங் (பதில் வருதான்னு பாக்கிற கட்டளை) ஓட விடுங்க: ஒண்ணு மோடத்துக்கு (பெரும்பாலும் 192.168.1.1), இன்னொண்ணு வெளியில இருக்கிற கூகுள் சர்வர் 8.8.8.8க்கு. ரெண்டும் நின்னா கோளாறு வீட்டுக்குள்ள. 8.8.8.8 மட்டும் நின்னா வெளி லைன். மோடத்துல லாஸ் (LOS) விளக்கு சிவப்பா மின்னினா ஃபைபர்லயே வெளிச்சம் வரல. ஆனி ஆடிக் காத்துல கம்பத்துக் கேபிள் ஆடி வளையுற இடத்துல இது நடக்கும். தெருப்பெட்டியில மின்சாரத்துல ஓடுற சுவிட்ச் வச்சிருக்கிற ஆபரேட்டரா இருந்தா, தெருவுல கரண்ட் போனதும் உங்க யூபிஎஸ் எதுவும் உதவாது. அதுக்கு வேற கம்பெனி சிம் உள்ள போனை யூஎஸ்பி வயர்ல டெஸ்க்டாப்போட இணைச்சு டெதரிங் (போன் டேட்டாவை டெஸ்க்டாப்புக்குக் கொடுக்கிறது) தயாரா வைங்க.

கேடிசி_நகர்_மனிதவளம்:
லைன் சரியானாலும் அந்த சீனியர் தானா மாறிடுவார்னு நம்ப வேண்டாம். சாக்கு போகும், பழக்கம் போகாது.

மீட்டிங்குக்கு முந்தின நாளே எல்லாரையும் சேர்த்து மெயில் போடுங்க: "நாளை இந்தப் பகுதியை நான் விளக்குகிறேன், கோப்பு இங்கே." கோப்பை இணைப்பா அனுப்பாதீங்க. பொது டிரைவ்ல உங்க கணக்குல உருவாக்கி லிங்க் கொடுங்க, யார் எப்போ எழுதினாங்கன்னு பதிவு தானா நிக்கும். போனைத் தனியா மீட்டிங்ல சேர்த்து மியூட்ல வைங்க. கால் அறுந்தா போன்ல தொடர்ந்து, "விட்ட இடத்துல இருந்து நானே முடிச்சிடறேன் சார்"னு சொல்லிட்டு, மன்னிப்பு, விளக்கம் எதுவும் இல்லாம விஷயத்துக்குப் போங்க. முடிஞ்ச ஒரு மணி நேரத்துக்குள்ள சுருக்கமெயில் உங்ககிட்ட இருந்து முதல்ல போகட்டும். யார் முதல்ல எழுதுறாங்களோ அவங்க எழுதினதுதான் பதிவா நிக்கும்.

அடுத்து அவர்கிட்ட தனியா ஒரு தடவை பேசுங்க. குணத்தைத் தொடாதீங்க. "செவ்வாய்க்கிழமை கால்ல என் பகுதியை நீங்க சொன்னீங்க, மெயில்ல என் பேர் இல்ல. இனி நான் திரும்ப வர்ற வரைக்கும் அடுத்த தலைப்புக்குப் போங்க சார்" — இவ்வளவு போதும். அதுக்குப் பிறகும் நடந்தா தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை, யார் கேட்டாங்கன்னு குறிச்சு வச்சு மேனேஜர்கிட்ட போங்க.

ஆபீஸ் மெயிலைச் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைக்காதீங்க. பல கம்பெனிகள்ல அதுவே விதிமீறல், புகார் உங்க பக்கம் திரும்பிடும். அவர் பேச்சு பாலியல் ரீதியா போனா பாதை வேற: பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி 10 பேரோ அதுக்கு மேலயோ உள்ள நிறுவனத்துல உள் புகார்க் குழு இருக்கணும், சம்பவம் நடந்த 3 மாசத்துக்குள்ள அந்தக் குழுகிட்ட புகாரை எழுத்துல கொடுக்கணும்.

பின்கட்டு_மேசை:
ரொம்ப நன்றி. மேனேஜர்கிட்ட லைன் சரியான பிறகு பேசவா, இப்பவே பேசவா? சென்னை பேச்சு வேற ஓடுதே.

கேடிசி_நகர்_மனிதவளம்:
லைன் வேலைக்கு இப்பவே தேதி குறிச்சு, அதை மேனேஜருக்கு மெயில்ல சொல்லிடுங்கம்மா: கேபிள், யூபிஎஸ், மாற்று சிம், எந்தத் தேதிக்குள்ள முடியும்னு. சென்னை முடிவை அதுவரைக்கும் தள்ளிவைக்கக் கேளுங்க. சீனியர் விஷயத்தை அதே மெயில்ல கலக்காதீங்க. கலந்தா நெட் குறையை மறைக்க அவர் மேல பழி போடுற மாதிரி தெரியும்.

பாளை_ஒயரிங்:
அப்படின்னா சுவிட்சை இன்னைக்கே மாத்திருங்க தங்கச்சி, காசே வேண்டாம். டெஸ்க்டாப்பை ஆன்ல வச்சு மெயினை இறக்கிப் பாருங்க. திறந்திருக்கிற வேலையை மட்டும் முதல்ல சேவ் பண்ணிக்கிடுங்க.