பொருள்: ‘இனப்படுகொலை மறுப்பு’ என்ற சொல் போதுமா? (வெள்ளிக்குள் முடிவு தேவை)

வைகைக்கரை, திங்கள் காலை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இளங்கலை மாணவர்களுக்கான உலக வரலாற்று நூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். ஆர்மீனியர் பற்றிய இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 1915 ஏப்ரல் 24 அன்று ஒட்டோமான் அரசு (இன்றைய துருக்கிக்கு முந்தையது) கான்ஸ்டான்டிநோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், ஆர்மீனிய எழுத்தாளர், மருத்துவர், ஆசிரியர் என இருநூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிடித்துச் சென்றதையும், பிறகு ஊர் ஊராக மக்களைச் சிரியப் பாலைவனம் நோக்கி நடத்திச் சென்று வழியிலும் தெயிர் எஸ்ஸோரிலும் சாகடித்ததையும் எழுதிவிட்டேன். அதற்குச் சொல் இருக்கிறது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று துருக்கி அரசு நூறாண்டாகச் சொல்லி வருகிறதே, அதற்குத்தான் சொல் கிடைக்கவில்லை.

‘இனப்படுகொலை மறுப்பாளர்’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்க்கக் கொடுத்த மாணவி ஒருத்தி, படுகொலையை எதிர்த்தவர்கள் என்று பொருள் எடுத்துக்கொண்டாள். அவள்மேல் பிழையில்லை. ‘சாதி மறுப்புத் திருமணம்’ என்று நாளேட்டில் படித்துப் பழகியவள் வேறெப்படி எடுத்துக்கொள்வாள்? உதவுங்கள்.

ஏட்டுச்சுவடி, திங்கள் மாலை

‘கடவுள் மறுப்பாளர்’ என்றால் கடவுள் இல்லை என்பவர் என்றுதானே கொள்கிறோம்? சாதியை மறுத்தல், கடவுளை மறுத்தல் இரண்டும் இரண்டாம் வேற்றுமைத் தொகைதான். முன்னதில் ஏலாமை, பின்னதில் இன்மை கூறல். பிரித்துக் காட்டச் சூழல் போதும். இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதியது தேட வேண்டாம் என்பது என் கருத்து.

தாமிரபரணி, திங்கள் இரவு

ஐயா, சூழல் போதும் என்றால் அந்த மாணவி தடுமாறியிருக்க மாட்டாள். எனக்கு அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. நம் மரபில் மறுப்பு மதிப்புள்ள செயல். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிற சமயங்களை மறுக்கும் பரபக்கப் பகுதியில் எதிராளியின் கொள்கையை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் மறுக்கத் தொடங்குகிறார்கள். மறுப்பு நூல் எழுதுகிறவர் பிறர் காட்டும் சான்றை முகத்துக்கு நேரே பார்ப்பவர். அந்தப் பெயரை இவர்களுக்குக் கொடுத்தால், இரு தரப்பு அறிஞர் நடத்தும் சொற்போர் என்று தோன்றிவிடும். அவர்கள் வேண்டுவதும் அந்தத் தோற்றத்தைத்தான்.

1919இல் ஒட்டோமான் அரசின் இராணுவ நீதிமன்றமே, போர்க்காலத்தில் ஆட்சியை நடத்திய தலாத், என்வர் முதலியோருக்கு அவர்கள் இல்லாத நிலையில் மரண தண்டனை விதித்தது. ஆகவே இது அறியாமல் சொன்ன ‘இல்லை’ ஆகாது. தெரிந்தே இல்லை என்பதற்குத் திருநெல்வேலிப் பக்கத்தில் வேதாகமம் கேட்டு வளர்ந்த எங்களுக்கு ஒரு சொல் உண்டு: மறுதலித்தல். சேவல் கூவுமுன் மூன்று தரம் பேதுரு செய்தது அது. ‘இனப்படுகொலை மறுதலிப்பு’ என்று வைக்கலாம்.

செந்நாப்புலம், செவ்வாய் காலை

மறுதலை என்ற சொல்லைக் கணக்கு ஆசிரியர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பிதாகரஸ் தேற்றத்தின் மறுதலை என்று பத்தாம் வகுப்பிலேயே வருகிறது. ‘மறுப்புவாதம்’ என்று யாரேனும் சொல்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன், வாதம் வடசொல்.

உள்ளதை இல்லை என்பதற்கு வள்ளுவர் தந்த சொல் கரத்தல். ‘கரப்பவர்க்கு யாங்கொளிக்கும் கொல்லோ இரப்பவர் சொல்லாடப் போஒம் உயிர்’ (1070). ‘இல்லை’ என்ற சொல் காதில் விழுந்ததும் இரப்பவன் உயிர் போகிறது. சொன்னவன் உயிர் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று கேட்கிறார். கேட்டு நிற்பவனைக் கொல்லும் ‘இல்லை’ அது. ஆர்மீனியப் பேரப்பிள்ளைகள் கேட்டு நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? ‘களவறிந்தார் நெஞ்சில் கரவு’ என்ற 288ஆம் குறளையும் சேர்த்துப் பாருங்கள். கரவுரை, கரவுரைஞர். என் பரிந்துரை இதுதான்.

வைகைக்கரை, செவ்வாய் பகல்

ஐயா, குறளைப் படித்துக் கண் கலங்கினேன். ஆனால் ‘கரவுரைஞர்’ என்று அச்சிட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் அடிக்குறிப்பு வேண்டும். ‘கரப்பு’ என்றாலோ மாணவர்களுக்குக் கரப்பான் பூச்சிதான் நினைவுக்கு வரும்.

பனங்கூடல், செவ்வாய் இரவு

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். முதற்சொல்லிலேயே எனக்கு உடன்பாடில்லை. நாங்கள் இனவழிப்பு என்கிறோம். 1944இல் சட்ட அறிஞர் லெம்கின் கிரேக்கத்தையும் இலத்தீனையும் ஒட்டி ‘ஜெனோசைட்’ (genocide) என்ற மூலச்சொல்லைப் படைத்தபோது கொலையை மட்டும் கருதவில்லை. மொழி, வழிபாடு, குடும்பம் எல்லாவற்றையும் குலைப்பதையும் சேர்த்தே கருதினார். அவரை அந்த எண்ணத்தின் பக்கம் திருப்பியவற்றுள் ஆர்மீனியருக்கு நேர்ந்ததும் ஒன்று என்று அவரே சொல்லியிருக்கிறார். ‘படுகொலை’ என்றால் பிணங்களை எண்ணும் பேச்சாகச் சுருங்கிவிடுகிறது.

இன்னொன்று. ஆர்மீனியர் தங்கள் துயரத்தை ‘மெட்ஸ் யெகெர்ன்’ என்பார்கள், பெருங்கேடு என்பது போல. அமெரிக்க அதிபர் ஒபாமா ஏப்ரல் 24 அறிக்கைகளில் அந்தச் சொல்லைத்தான் ஆண்டார். துக்கம் காக்கிறவர்களின் சொல்லையே எடுத்துச் சட்டச் சொல்லைத் தவிர்த்துக்கொண்டார். 2021இல் பைடன்தான் இனவழிப்பு என்று சொன்னார். ஒரு சொல்லைச் சொல்லாமல் விடுவதும் மறுப்பின் ஒரு வகை. உங்கள் புதுச்சொல் இதையும் அடக்குமா?

ஏட்டுச்சுவடி, புதன் காலை

பனங்கூடல் அம்மாவின் கேள்வி என்னை நன்னூலுக்கு அனுப்பிவிட்டது. சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடை எட்டு: சுட்டு, மறை, நேர், ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. வெளிப்படையாக ‘இல்லை’ என்பது மறை. துருக்கி அரசு அதோடு நிற்கவில்லை. ‘வரலாற்றாசிரியர் குழு அமைத்து நீங்களும் வந்து ஆராயுங்கள்’ என்று 2005இல் எர்டோவான் சொன்னது ஏவல். 2016இல் ஜெர்மன் நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றியதும், ‘நமீபியாவில் நீங்கள் செய்ததற்கு என்ன கணக்கு?’ என்று திருப்பியது வினாவெதிர் வினாதல். ‘போரில் எங்கள் மக்களும்தான் மாண்டார்கள்’ என்பது உற்றது உரைத்தல். ‘கொன்றீர்களா?’ என்றால் ‘இடம் மாற்றினோம்’ என்பது, ‘ஆடுவாயா?’ என்றதற்குப் ‘பாடுவேன்’ என்ற கதை, இனமொழி. 1915 சட்டத்துக்கு வழங்கும் ‘தெஹ்ஜிர்’ என்ற பெயருக்கும் குடிபெயரச் செய்தல் என்றே பொருள். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது போன்ற குழூஉக்குறி என்றே நான் கருதுகிறேன்.

இத்தனை வகை இருப்பதால் புதுச்சொல் வேண்டும் என்பீர்கள். நூற்பாவின் கடைசி அடியைப் பாருங்கள்: ‘இறுதி நிலவிய ஐந்தும்அப் பொருண்மையின் நேர்ப’. சுற்றி வளைத்துச் சொன்னாலும் விடை விடைதான். ஆகவே இவை அனைத்தும் மறுப்பே. என் கருத்து மாறவில்லை.

தாமிரபரணி, புதன் மாலை

விடை என்பது வாயால் சொல்வது, ஐயா. இஸ்தான்புல்லில் ‘ஆகோஸ்’ இதழை நடத்திய ஹிராந்த் திங்க், இந்தப் பொருள் பற்றி எழுதியதற்காகத் துருக்கியத் தன்மையை இழிவுபடுத்தினார் என்று துருக்கியத் தண்டனைச் சட்டத்தின் 301ஆம் பிரிவின்கீழ் தண்டிக்கப்பட்டார். 2007 ஜனவரி 19 அன்று தம் அலுவலக வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். நன்னூலின் எட்டு விடையில் இது எது?

கூவம், புதன் இரவு

இடையில் நுழைகிறேன். சென்னைப் பாரிமுனையில் ஆர்மீனியர் தேவாலயம் இருக்கும் தெருவை நம் மக்கள் அரண்மனைக்காரத் தெரு என்றார்கள். ஆர்மீனியன் என்ற ஒலி நம் வாயில் அரண்மனைக்காரன் ஆயிற்று. 1794இல் உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தராரும்’ இதே சென்னையில்தான் அச்சாயிற்று. நம்முடையது நாக்கு செய்த மாற்றம். துருக்கியில் ‘வான்’ என்னும் ஏரியின் தீவொன்றில் பத்தாம் நூற்றாண்டுத் தேவாலயம் நிற்கிறது. அத்தீவை ஆர்மீனியர் அக்தமார் என்பதைத் துருக்கியர் ‘அக்தமர்’ ஆக்கினார்கள்; அவர்கள் மொழியில் வெள்ளை நரம்பு என்று பொருள்படும். 2005இல் ஒரு காட்டாட்டின் அறிவியல் பெயரில் இருந்த ‘ஆர்மீனியானா’வைக்கூடத் துருக்கி அமைச்சகம் நீக்கியது. ஆட்டின் பெயரில்கூட அவர்கள் இருக்கக் கூடாதாம். இதைக் கண்டதும் நான் தாமிரபரணியின் பக்கம் சாய்ந்தேன். மறுப்பு என்ற சொல் இதைத் தாங்காது.

செந்நாப்புலம், வியாழன் காலை

பெயரை அழித்து ஒளிப்பது கரவு. நான் சொன்னதைத்தான் நீங்கள் சொல்கிறீர்கள்.

வைகைக்கரை, வியாழன் இரவு

அனைவருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன். மறுதலிப்புக்கு ஐவர், மறுப்புக்கு மூவர், கரவுரைக்கு ஒருவர். ‘மறுதலிப்பு’ என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும், ‘நடந்தது என்று அறிந்தும் இல்லை எனல்’ என்று விளக்கம் சேர்த்திருக்கிறேன். பனங்கூடல் அக்கா பொறுத்தருள வேண்டும். நூலின் மற்ற இயல்களிலும் இனப்படுகொலை என்றே வருவதால் இங்கு மட்டும் மாற்ற முடியவில்லை.

அந்த மாணவியிடம் மறுபடி கொடுத்தேன். சரியாகப் புரிந்துகொண்டாள். ‘மறுதலிப்பவர் என்றால் பேதுரு போலப் பிறகு அழுவார்களா?’ என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை.

ஏட்டுச்சுவடி, வெள்ளி அதிகாலை

அந்தப் பெண் கேட்டதுதான் என் தடையும். பேதுரு மனங்கசந்து அழுதார். மறுதலிப்பு என்ற சொல்லிலேயே திரும்பி வரும் வழி ஒன்று இருக்கிறது. இவர்களுக்கு அதை ஏன் கொடுக்க வேண்டும்? அச்சுக்குப் போகட்டும், என் மாற்றுக் கருத்தைக் குழுவின் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பனங்கூடல், வெள்ளி காலை

இருக்கட்டும் தம்பி. ஆனால் அதே இயலில் துருக்கிய ஆவணங்களின் ‘சோஸ்தே’வை ‘இனப்படுகொலை எனப்படுவது’ என்று பெயர்த்திருக்கிறீர்கள். ‘அகம் எனப்படுவது’ என்று நாமும் எழுதுவோம். அதில் ஐயம் ஏதும் இல்லை. சோஸ்தே என்றால் ‘சொல்லளவில் மட்டும்’. அச்சகத்துக்கு இன்னும் நேரம் இருந்தால் அதை மாற்ற முடியுமா?