தினமும் எழுத எந்தப் பேனா நல்லது?

கேள்வி:
மணிக்கணக்கில் கையால் குறிப்பெடுக்கிறேன். பால்பாயிண்ட்டில் அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வலிக்கிறது. ஜெல் பேனா வழுக்கிக்கொண்டு போகிறது, ஆனால் எனக்கு இடக்கைப் பழக்கம். மை காய்வதற்குள் கை பட்டு எழுத்தெல்லாம் ஈஷிவிடுகிறது. என்ன வாங்கலாம்?

பதில்:
யூனி ஜெட்ஸ்ட்ரீம் பால்பாயிண்ட் பேனாவில், 0.7 மி.மீ. முனை உள்ளதில் எழுதிப் பாருங்கள். எண்ணெய் மைதான், ஆனால் பிசுபிசுப்பு குறைவு. அழுத்தவே வேண்டாம், சட்டென்று காய்ந்தும்விடும். இடக்கைக்காரனான நான் இதைத்தான் வைத்திருக்கிறேன்.

இன்னொரு பதில்:
பிடியையும் பாருங்க. ஒல்லிப் பேனா என்றால் விரல்கள் தானாக இறுக்கும். ரப்பர் பிடியுள்ள, சற்றுத் தடிமனானது நல்லது. ஃபவுண்டன் பேனா தாளைத் தொட்டாலே எழுதும், ரொம்ப சுகம். ஆனால் மை காய நேரமாகும், உங்களுக்குச் சரிவராது.

கேட்டவர்:
சரி, 0.7 வாங்குகிறேன். ரீஃபில் தனியாகக் கிடைக்குமா?

பதில்:
கிடைக்கும். பழைய ரீஃபிலில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அதையே கேளுங்கள்.