தாத்தா பெட்டியில கெடச்ச டவாலி கோட்டு, எந்தக் காலத்தது?

எங்க கொள்ளுத்தாத்தா கலெக்டர் ஆபீஸ்ல டவாலியா, அதான் பட்டை போட்ட சேவகரா இருந்தவரு. அவரோட ட்ரங்க் பெட்டியில வெள்ளை ட்ரில் துணியில ஒரு கோட்டு இருந்துச்சு, மூடுன காலரு, பித்தளை பட்டன்ல கிரீடம், கூடவே சிவப்பு பட்டையும் அதுல மாட்டுற ஒரு வில்லையும் (உலோக பேட்ஜ்). வருஷம் எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

பதில்: வில்லையோடவா, அடேங்கப்பா! கிரீடத்தோட மேல்வளைவு நல்லா குவிஞ்சு உருண்டையா இருந்தா 1901ல விக்டோரியா மகாராணி இறந்துபோனதுக்கு அப்புறம் வந்த ராஜாக்கள் காலத்து டிசைனு. 1950 ஜனவரி 26லதான் கிரீடத்துக்குப் பதிலா சிங்கமுத்திரை வந்துச்சு, அதனால அதுக்கு முந்துனதுதான்.

பதில்: மேல சொன்னவர் சொல்றது பட்டனுக்கு சரி, கோட்டுக்கு அப்படியே நம்பிடாதீங்க. வெள்ளை கோட்ட அடிக்கடி வெளுக்கப் போடணும்ல, அதனால பட்டன தைக்காம பின்னாடி வளையம் போட்டு மாட்டுவாங்க, கோட்டு கிழிஞ்சா அதே பட்டன் புதுசுக்குப் போயிடும். தையலப் பாருங்க, பட்டன் பின்பக்கம் கம்பெனி பேரு இருக்கான்னும் பாருங்க. தயவுசெஞ்சு புளி போட்டு மட்டும் தேய்ச்சிடாதீங்க, எழுத்து மழுங்கிடும்!

கேட்டவர்: வளையம்தாங்க இருக்கு! கிரீடம் உருண்டைதான். ஆனா புளி விஷயம்... அம்மா நேத்தே வில்லைய தேய்ச்சுட்டாங்க 😭