பாகப் பத்திரத்தில் "மாகாணி பங்கு": எவ்வளவு அது?

இழை தொடங்கியவர்:
தாத்தா சொத்தை அப்பா கூடப்பிறந்தவர்கள் பிரித்துக்கொண்ட பழைய பத்திரத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நிலத்துக்கு ஏக்கர், சென்ட் என்று தெளிவாக இருக்கிறது. கிணற்றுக்கு வரும்போது மட்டும் "மேற்படி கிணற்றில் மாகாணி பங்கு" என்று போட்டு, பக்கத்தில் ஏதோ ஒரு சுழி. இணையத்தில் தேடினால் மாகாணம், மாநிலம் என்று எங்கோ போகிறது. சித்தப்பா மகன் "மா என்றால் இருபதில் ஒன்று, அவ்வளவுதான்" என்கிறான். கால், அரை, முக்கால் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது. யாராவது சொல்லுங்களேன்.

மறுமொழி 1:
பதினாறில் ஒன்று. வீசம் என்றாலும் இதேதான். ரூபாய்க்குப் பதினாறணா இருந்த காலத்தில் ஓரணா என்பது மாகாணி ரூபாய்.

தொடங்கியவர்:
அப்படியானால் பெயரில் 'மா' எதற்கு? காணி என்பதும் நிலம் அளக்கிற அளவுதானே?

மறுமொழி 2:
உங்கள் சித்தப்பா மகன் பாதிக் கணக்கோடு நிறுத்திவிட்டார். மா 1/20, காணி 1/80. இரண்டையும் கூட்டுங்கள்: 4/80 + 1/80 = 5/80. சுருக்கினால் 1/16. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி, பெயரே ஒரு கூட்டல்தான்!

நில அளவாகவும் இவை உண்டு. இருபது மா ஒரு வேலி; காணி சுமார் 1.32 ஏக்கர். ஆனால் கிணற்றை யார் ஏக்கரில் பிரிப்பார்கள்? இங்கே பின்னம்தான். அந்தச் சுழி அதற்கான குறியாக இருக்கும். கணினி, போன்களுக்கான பொது எழுத்துத் தரமான யூனிகோடில், 2019-இல் வந்த 12.0 பதிப்பில், இந்தப் பின்னக் குறிகளைச் சேர்த்தார்கள், 1/16-க்கு மட்டும் இரண்டு வடிவம். போனில் வெறும் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துருவில் இல்லை என்று அர்த்தம்.

மறுமொழி 1:
வீட்டுக் கணக்கோடும் ஒத்துப் பாருங்கள். தாத்தாவோடு பிறந்தவர்கள் எத்தனை பேர்?

தொடங்கியவர்:
தாத்தாவைச் சேர்த்து நாலு பேர், கிணறு நாலு பேருக்கும் பொது. அப்பா வகையிலும் நாலு பேர். அட, காலில் கால்! சரியாக வருகிறது. அடுத்த பக்கத்தில் களத்துக்கு "அரைக்கால்" என்று இருக்கிறதே, அது எட்டில் ஒன்றா?

மறுமொழி 2:
ஆமாம், காலில் பாதி.

தொடங்கியவர்:
இனி அப்பாவின் மாகாணியில் எனக்கும் அக்காவுக்கும் ஆளுக்குப் பாதி. அதற்கும் பெயர் உண்டா?

மறுமொழி 1:
அரைவீசம், 1/32. அது இருக்கட்டும், கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா?

தொடங்கியவர்:
தூர்ந்து பத்து வருஷம் ஆகிறது.