ரங்கூன் வெயிலில் சூரிய நமஸ்காரம்: உடற்சூட்டைத் தணிக்க என்ன செய்யலாம்?

ரங்கூன்வாசி கேட்கிறார்:
அன்பர்களுக்கு வணக்கம். மூன்று ஆண்டுகளாக விடியற்காலையில் 24 சுற்று சூரிய நமஸ்காரம் செய்து வருகிறேன். மழைக்காலத்தில் ஒரு குறையும் இல்லை. பங்குனி பிறந்து வெயில் ஏறியதும் கண்ணெரிச்சல், நீர்க்கடுப்பு, பிற்பகலில் கிறுகிறுப்பு என்று வரிசையாக வருகின்றன. மின்சாரம் அடிக்கடி நின்றுவிடுவதால் மின்விசிறியை நம்ப முடியவில்லை. சூடு தணியட்டும் என்று இரவில் கெட்டித் தயிர்ச்சோறு உண்டு, ஐஸ் தண்ணீர் குடித்தும் பலன் தெரியவில்லை. நாக்கைக் குழல்போலச் சுருட்டி அதன் வழியே மூச்சிழுக்கும் சீதளிப் பிராணாயாமம் செய்யச் சொன்னார்கள்; என் நாக்கோ சுருள மறுக்கிறது.

மோல்மேன் யோக ஆசிரியை:
தம்பி, நாக்கு சுருளாதவர்கள் பலர் உண்டு, அது ஒரு குறையே அன்று. ஹட யோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூலில் சீதளியோடு சீத்காரியும் சொல்லப்பட்டிருக்கிறது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் மெல்லச் சேர்த்து, உதடுகளை விலக்கி, பல்லிடுக்கின் வழியே 'ஸ்ஸ்' என்ற ஒலியோடு மூச்சை உள்ளே இழுத்து, வாயை மூடி, மூக்கின் வழியே வெளியே விடுங்கள். எட்டுப் பத்து முறை போதும். ஆஸ்துமாவோ சளியோ தாழ்ந்த இரத்த அழுத்தமோ இருந்தால் வேண்டாம். தூசி பறக்கும் தெருவோரத்திலும் வேண்டாம், ஏனெனில் வாய்வழி மூச்சுக்கு மூக்கின் வடிகட்டல் கிடையாது. வேகமாக மூச்சுவிட்டு உடலைச் சூடேற்றும் கபாலபாதியையும் பஸ்திரிகாவையும் மழை வரும்வரை நிறுத்தி வையுங்கள்.

மாந்தலே அன்பர்:
அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஈரமான நாக்கின்மீது காற்று படும்போது நீர் ஆவியாவதால்தான் அந்தக் குளிர்ச்சி. எங்கள் ஊரின் வறண்ட காற்றில் அது நன்றாகவே தெரியும். வைகாசியில் ரங்கூன் காற்று ஈரம் கட்டிக்கொள்ளும்போது அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம்.

என் கண்ணுக்கு உங்கள் தொல்லையின் வேர் 24 சுற்றில் இருக்கிறது. கோடையில் சூரியன் உடலின் வலிமையை உறிஞ்சுகிறது என்பது ஆயுர்வேதத்தின் கணக்கு. எனவே பழைய ஆயுர்வேத நூலாசிரியரான சரகர் இப்பருவத்தில் உடற்பயிற்சியையும், உப்பு, புளிப்பு, காரத்தையும் விலக்கச் சொல்லி, இனிப்பும் நெய்ப்பும் நீர்த்தன்மையும் உள்ள உணவை ஏற்கிறார். மற்றப் பருவங்களில் தடுக்கும் பகலுறக்கத்தைக்கூட இப்போது அனுமதிக்கிறார். கோடையைப் பித்தத்தின் காலம் என்றே பலரும் எண்ணுகிறோம். நூல்களோ கோடையில் சேர்வது வாதம் என்றும், பித்தம் மழைக்காலத்தில் சேர்ந்து, மழைக்குப் பின் வரும் சரத் காலத்தில் சீறும் என்றும் கூறுகின்றன. வறட்சியும் களைப்பும் வாதத்தை வளர்ப்பதால், குளிர்ந்த பொருளைத் தேடுவதைவிட உழைப்பைக் குறைப்பது முதலில் வேண்டும்.

தயிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாக்குக்குக் குளிர்ச்சியாக இருந்தாலும் அது உஷ்ண வீரியம், அதாவது உள்ளே சூடேற்றும் தன்மை, உடையது. இரவிலும் கோடையிலும் உகந்ததன்று என்பது சரகரின் கருத்து. இளநீர், நன்னாரி, வெட்டிவேர் போட்ட மண்பானைத் தண்ணீர், நெய் விட்ட பச்சரிசிக் கஞ்சி ஆகியவை உங்களுக்குப் பொருந்தும்.

பெகு பாட்டி:
தனகா மரத்தின் கட்டையைக் கல்லில் நீர் விட்டு அரைத்து, முகத்திலும் கைகளிலும் பூசிக்கொண்டு வெளியே போங்கள். பர்மியப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது இதுதான், என் பேரப்பிள்ளைகளுக்கும் நான்தான் அரைத்துக் கொடுக்கிறேன். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து, வெயில் ஏறுமுன் தலை முழுகி, அன்று மட்டும் வெயிலில் அலையாமல் இருங்கள். நீர்க்கடுப்போடு காய்ச்சலும் வந்தால் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள். வெயிலில் நின்றவர் பிதற்றினாலோ மயங்கினாலோ பிராணாயாமத்தை மறந்து, நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ரங்கூன்வாசி:
பத்து நாளாக ஆறு சுற்றோடு நிறுத்தி, அதன்பின் சவாசனத்தில் கால்மணி நேரம் கிடக்கிறேன். இரவுத் தயிரும் ஐஸும் நின்றன. கிறுகிறுப்பு வரவில்லை, நீர்க்கடுப்பும் நின்றுவிட்டது. கண்ணெரிச்சல் மட்டும் பிற்பகலில் சற்று மிஞ்சுகிறது. பாட்டிக்கு என் வணக்கம். சனிக்கிழமைக்கு நல்லெண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன்.