ஒளிவழியா, உடனொளிர்வழியா? மூளைக்கட்டி அறுவைக்கு ஒரு சொல்

வணக்கம்.

மூளைக்கட்டியை ஒளிரவைத்து, அந்த ஒளிர்வைப் பார்த்துக்கொண்டே வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சைக்கு (ஆங்கிலத்தில் ஃபுளோரசன்ஸ்-கைடட் சர்ஜரி) இந்தக் கலைச்சொல் விவாதத்தில் இதுவரை மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன: ஒளிவழி அறுவை, சாயவழி அறுவை, ஒளிர்சுட்டு அறுவை. நோயாளிகளுக்குக் கொடுக்கும் விளக்கத்தாள்களைத் தமிழில் எழுதுவது என் வேலை. அந்த இடத்திலிருந்து பார்த்து என் கருத்தைச் சொல்கிறேன்.

'ஒளிவழி அறுவை' என்று ஒரு தாளில் நானே எழுதியிருக்கிறேன். அதைப் படித்த ஓர் அம்மா, கணவருக்கு மறுநாள் ஆபரேஷன், தாளை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "லேசர் வச்சு எரிக்கப் போறாங்களா மேடம்? பக்கத்துல இருக்கிற மூளை கருகிடாதா?" எனக்குப் பகீரென்றது. ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கைப் பார்த்திருக்கிறீர்களா, அதன் கீழே காட்டினால் நோட்டின் எண் மின்னுமே என்றேன். "எங்க கடையிலயே ஒண்ணு இருக்கு" என்றவர், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ மின்னப்போறது கட்டிதான், விளக்கு சும்மா காட்டிக்கொடுக்க" என்றார். நம் கலைச்சொல் சொல்லவேண்டியது இதைத்தான். ஒளி விளக்கிலிருந்து வருவது. ஒளிர்வு கட்டியிலிருந்து வருவது. அறுவை மருத்துவர் பின்தொடர்வது இரண்டாவதை.

சாயவழி என்ற சொல் ஃபுளோரசின் என்ற மஞ்சள் சாயத்துக்குப் பொருந்தும். 1948இலேயே அமெரிக்காவின் மினசோட்டாவில் அறுவை மருத்துவர் ஜார்ஜ் மூர் அதை மூளைக்கட்டிகளில் பயன்படுத்தினார். இரத்தக்குழாயில் ஏற்றினால், கட்டி இருக்குமிடத்தில் இரத்தக்குழாய்ச் சுவரின் கசிவுத்தடுப்பு பழுதாகியிருப்பதால் சாயம் அங்கே கசிந்து தேங்கும். இரண்டொரு நாள் சிறுநீர் மஞ்சளாகப் போகும் என்று தாளில் எழுதாவிட்டால் வீட்டார் பதறிவிடுவார்கள்.

ஆனால் இதே அறுவைக்குப் பயன்படும் இன்னொரு மருந்தான 5-அமினோலெவுலினிக் அமிலம் சாயமே இல்லை. உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் தண்ணீரில் கரைத்து, மயக்க மருந்து கொடுப்பதற்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்பு குடிக்கத் தருவார்கள். நம் உடல் இரத்தச் சிவப்புக்கான ஹீம் செய்ய எடுத்துக்கொள்ளும் மூலப்பொருள்தான் அது. கிளையோமா என்பது மூளையின் தாங்குசெல்களிலிருந்து வளரும் கட்டி. வீரியமான கிளையோமாவின் செல்கள் அதை வாங்கி, ஹீமாக முடிக்காமல், அதற்கு முந்தைய படியான புரோட்டோபோர்பிரின் என்ற பொருளாகவே குவித்துவைத்துக்கொள்கின்றன. நுண்ணோக்கியின் நீல ஊதா விளக்கில் சிவப்பாக ஒளிர்வது அந்தப் பொருள். அதாவது, ஒளிர்வதைக் கட்டியே தயாரிக்கிறது. இதைச் சாயம் என்றால் மருந்தின் மையமான விஷயமே தொலைந்துபோகும்.

ஒளிர்சுட்டு அழகான சொல். சுட்டெழுத்தில் இருக்கும் அதே சுட்டு. ஆனால் எரியுமோ என்று ஏற்கெனவே பயந்துபோயிருப்பவர் காதில் 'சுட்டு' எப்படி விழும்? முன்மொழிந்த ஐயா மன்னிக்கவேண்டும், மருத்துவமனைக்கு இது ஆகாது.

என் பரிந்துரை: உடனொளிர்வழி அறுவை சிகிச்சை.

உடனொளிர்வு, நின்றொளிர்வு என்ற இணை நம் பாடநூல் தமிழில் முன்பே இருக்கிறது. விளக்கை அணைத்த பிறகும் இருட்டில் மினுங்குவது நின்றொளிர்வு. ஒளி படும்வரைதான் என்றால் உடனொளிர்வு. இந்த 'உடன்' ஆபரேஷன் தியேட்டரில் கண்ணெதிரே நடப்பது. வெள்ளை விளக்கில் கட்டியின் ஓரமும் மூளையும் ஒரே நிறமாகத் தெரியும். நீலத்துக்கு மாற்றியதும் சுற்றிலும் இருண்டு கட்டி மட்டும் சிவக்கும். திரும்ப வெள்ளைக்கு மாற்றினால் போயே போய்விடும். மேலே ஒரு படலம் இரத்தம் தேங்கினாலும் மறைந்துவிடும். கழுவித் துடைத்துவிட்டுப் பார்க்கவேண்டும்.

சொல் நீளம் என்பீர்கள். 'ஒளிர்வழி' என்றே சுருக்கலாமே என்றும் தோன்றும். அங்கே ஒரே ஒரு 'ர்' தான் ஒளிர்வை விளக்கிலிருந்து கட்டிக்கு மாற்றுகிறது. வேகமாகப் பேசும்போது முதலில் விழுங்கப்படுவதும் அந்த 'ர்' தான். மறுபடி ஒளிவழிக்கே வந்து நிற்போம். 'உடன்' முன்னால் இருந்தால் அந்தக் குழப்பம் வராது.

வழி என்பதில் ஓர் இடைஞ்சல் உண்டு. பிட்யூட்டரி கட்டியை மூக்கு வழியாக எடுக்கும்போது 'வழி' என்றால் பாதை. இங்கே 'கொண்டு' என்று பொருள். தமிழில் வழி இரண்டையும் சுமக்கும், இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம். அப்புறம், 'அறுவை' என்று மட்டும் நிறுத்தவேண்டாம். பேச்சில் அதற்கு வேறு பொருள் ஏறிவிட்டது.

ஒலிபெயர்த்து ஃபுளோரசன்ஸ் என்றே வைக்கலாம் என்பவர்களுக்கு: 1852இல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் இந்தச் சொல்லை ஃபுளோர்ஸ்பார் என்ற கல்லின் பெயரிலிருந்து எடுத்தார். கல்லின் பெயரோ இலத்தீனில் 'ஓடு, ஒழுகு' என்ற வினையிலிருந்து வந்தது, உலோகம் உருக்கும்போது அதை இளக்கத்துக்குச் சேர்ப்பார்கள் என்பதால். ஒளிர்வைப் பற்றி அந்தச் சொல்லுக்குள் எதுவும் இல்லை. நம் சொல்லில் இருக்கிறது.

இன்னும் இரண்டு சொற்கள் வேண்டும். கட்டியின் நடுவில் தெரியும் கெட்டிச் சிவப்பு ஒன்று. ஓரத்தில் கட்டியின் செல்களும் நல்ல மூளையும் கலந்த இடத்தில் தெரியும் வெளிறிய இளஞ்சிவப்பு இன்னொன்று. அடரொளிர்வு, மென்னொளிர்வு என்று வைக்கலாமா? மென்னொளிர்வு பேச்சுப் பகுதிக்கோ கையசைவுப் பகுதிக்கோ அருகில் இருந்தால் மருத்துவர் அங்கேயே நிறுத்திக்கொள்ளக்கூடும். ஆகவே 'ஒளிர்வதெல்லாம் எடுக்கப்படும்' என்று யாரும் தாளில் எழுதிவிடாதீர்கள். ஜெர்மனியில் மூளை அறுவை மருத்துவர் ஷ்டும்மரின் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், 270 பேரில், ஸ்கேனில் தெரியும் கட்டி மிச்சமில்லாமல் எடுக்கப்பட்டது இந்த முறையில் 65 விழுக்காட்டினருக்கு. வெள்ளை ஒளியில் மட்டும் செய்தபோது 36 விழுக்காட்டினருக்கு. பெரிய முன்னேற்றம்தான், ஆனால் நூறு இல்லை.

மென்னொளிர்வு என்பதைவிட மங்கலைக் காட்டும் நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். அடுத்த தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.